தொடர் அறுந்த தாலாட்டு: பழைய சிறுவர் இலக்கியத்தை இணையத்தில் பகிர்வது குறித்து

பழைய சிறுவர் இதழ்களுக்கு இன்று ஒரு மறுவாழ்வு வாய்த்திருக்கிறது. பரண்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடந்து, கறையான் அரித்தவை போக எஞ்சிய பிரதிகளை ஆர்வலர்கள் தேடியெடுத்துப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவருகின்றனர். 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமா, 1950 முதல் 1972 வரை கலைமகள் நிறுவனம் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு நடத்திய கண்ணன் முதலிய இதழ்களின் பக்கங்களும், அழ. வள்ளியப்பாவின் பாடல்களும், வாண்டுமாமாவின் கதைகளும், விடுகதைத் தொகுப்புகளும், சொற்புதிர்க் கட்டங்களும் இவ்வாறு கைக்குக் கை மாறுகின்றன. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் அமைந்துள்ள கண்ணமங்கலம் போன்றதொரு பேரூரில் வாழும் முதியவர் ஒருவர், தாம் சிறுவயதில் படித்த இதழொன்றைக் காண விரும்பினால் முன்பு சென்னைக்குச் சென்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் படியேற வேண்டியிருந்திருக்கும். இன்று அவர் தம் பேரனின் கைப்பேசியிலேயே அதன் அட்டையைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு உண்டு. இது சிறிய பேறன்று. ஊதியம் ஏதும் கருதாமல் இப்பணியில் உழைப்போருக்கு நாம் கடன்பட்டுள்ளோம் என்பதை முதற்கண் பதிவு செய்துவிடுகிறோம்.

ஆயினும் நன்றி கூறுவதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. பகிரப்படும் இச்செல்வம் எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்பது ஒரு வினா. இதில் இடம்பெறாமல் வெளியே நிற்கும் குழந்தைப் பருவம் எவருடையது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது நம் கருத்து. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இவற்றைக் கேட்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அக்காரணம் நம் மரபிலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குவது பொருத்தம்.

குழந்தைக்குச் சொன்ன சொல்

குழந்தைக்கெனச் சொல்லப்படும் எதுகைச் சொல்லும் புதிரும் கற்றோர் கவனத்துக்கு உரியவை அல்ல என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. மார்க்கக் கல்வியின் பெயராலும் சிலர் இவ்வாறு கருதுவதுண்டு. ஆனால் நபிமொழித் தொகுப்புகள் காட்டும் நிலை வேறு. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்துவந்தார். அது இறந்து அவர் வாடியிருந்த வேளையில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், சிறுவரின் பெயரையும் பறவையின் பெயரையும் ஓசையொத்து வரும்படி இணைத்து, அந்தப் பறவை என்னவாயிற்று என்று அவரிடம் பரிவோடு வினவினார்கள். ஒரு குழந்தையின் துயரத்தை அவர்கள் எதுகைச் சொல்லால் தொட்டார்கள். ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்து விளக்கித் தனியே ஒரு நூல் செய்தார். குழந்தைக்குச் சொன்ன ஒரு வரியை விளக்க ஒரு நூல் தகும் என்று அக்கால அறிஞர் ஒருவர் கருதியிருக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சி புதிர் பற்றியது. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையாகத்தக்க மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்கள் பலவற்றின்மீது சென்றது. அவையில் மிக இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் அது பேரீச்சை என்று பட்டது. பெரியோர் வாய்மூடி இருக்கையில் தாம் பேச நாணி அவர் சொல்லாமல் இருந்துவிட்டார். பின்னர் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதைக் கூறியபோது, நீ சொல்லியிருந்தால் அது எனக்கு எத்துணை விருப்பமாக இருந்திருக்கும் என்ற பொருள்பட அவர்கள் பதிலளித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதனைத் தம் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியில் வைத்துள்ளார். அறிவைச் சோதிக்கத் தலைவர் வினா எழுப்பலாம் என்பதற்கு இது சான்றாகிறது.

இந்நிகழ்ச்சியில் புதிரின் உறுப்புகள் யாவும் தெளிவாக உள்ளன. கேட்பவர் ஒருவர் இருக்கிறார். கேட்டபின் ஓர் அமைதி நிலவுகிறது. அந்த அமைதியில் ஒவ்வொருவர் மனமும் தேடுகிறது. இளையவர் கண்டுகொள்கிறார், ஆனால் தயங்குகிறார். விடை வந்தபின் அது வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மீண்டும் பேசப்படுகிறது. பேரீச்சை என்ற விடையை மட்டும் எழுதிவைத்திருந்தால் இவற்றில் எதுவும் நமக்குக் கிடைத்திராது. நிகழ்ச்சி முழுவதும், சொன்னவர் இன்னார், கேட்டவர் இன்னார் என்ற தொடரோடு வந்ததால்தான் கிடைத்தது.

ஸனது இல்லாத பக்கங்கள்

இணையத்தில் இன்று உலவும் சிறுவர் இலக்கியப் பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய தொடர் இல்லை. ஒரு பக்கம் தனியே கத்தரிக்கப்பட்டு வருகிறது. எந்த இதழ், எந்த ஆண்டு, எழுதியவர் யார், படம் வரைந்தவர் யார் என்பன ஓரத்தோடு சேர்ந்து வெட்டுண்டு போகின்றன. விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் ஓவியத்தை அறியாத வாசகர் குறைவு. அதை வரைந்த ஓவியர் சங்கர் 1924இல் பிறந்து 2020இல் மறைந்தவர் என்பதையும், கே. சி. சிவசங்கரன் என்பது அவர் இயற்பெயர் என்பதையும் அப்படத்தைப் பகிர்வோரில் எத்தனை பேர் உடன் குறிப்பிடுகின்றனர்?

இதனால் விளையும் கேடு இருவகைப்பட்டது. புலவர் ஒருவர் எழுதிய குழந்தைப் பாடல் பெயரிழந்து நாட்டுப்புறப் பாடலாக எண்ணப்படுகிறது. அதற்கு நேர்மாறாக, ஊரார் வாயில் தலைமுறை தலைமுறையாக வழங்கிய விடுகதை, அதை முதலில் அச்சேற்றியவரின் ஆக்கமாகக் கொள்ளப்படுகிறது. உழைத்தவர் பெயரும் ஊரின் பெயரும் ஒருங்கே அழிகின்றன. எழுத்துரிமைச் சட்டம் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின்படி, பெயர் தெரிந்த ஆசிரியரின் ஆக்கம் அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளும், பெயர் தெரியாத ஆசிரியரின் ஆக்கம் வெளிவந்தபின் அறுபது ஆண்டுகளும் காக்கப்படுகின்றன. ஆண்டும் பெயரும் அறியப்படாத பக்கத்துக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைக்கூட எவரும் சொல்ல இயலாது. விவரம் இல்லாமற் பகிர்வது அறத்துக்கும் சட்டத்துக்கும் ஒருசேர இடையூறாகிறது.

அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, உலகுக்கு ஒரு கல்விமுறையாக அளித்த சமுதாயம் நம்முடையது. இஸ்னாது மார்க்கத்தின் ஒரு பகுதியே என்று அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) கருதியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையில் பதிந்துள்ளார். நபிமொழியையும் குழந்தைப் பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறோமோ என்று எவரும் ஐயுற வேண்டுவதில்லை. அவற்றின் தகுதி வேறு, கனம் வேறு. ஆனால் இம்முறையை நம் முன்னோர் மார்க்கச் செய்திகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்பஹானீ தொகுத்த கிதாபுல் அகானீ என்னும் பெருநூல் பாடல்களைப் பற்றியது. ஒரு பாடல் எவர் இயற்றியது, எவர் இசையமைத்தது, அச்செய்தியை எவரிடமிருந்து எவர் கேட்டார் என்று தொடர் தொடராக அதில் வருகிறது. பாட்டுக்கே ஸனது தேடிய மரபினர், பாட்டி பாடிய தாலாட்டை ஊர் பெயரின்றி உலவவிடுவது பொருந்துமா?

மேனாட்டில் இதனைச் செம்மையாகச் செய்தோரும் உள்ளனர். ஐயோனா ஓபி, பீட்டர் ஓபி என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் 1951இல் ஆங்கிலக் குழந்தைப் பாடல்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டனர். 1959இல் பள்ளிச் சிறுவர்களிடையே வழங்கும் சொற்களும் புதிர்களும் விளையாட்டுப் பாடல்களும் பற்றி மற்றொரு நூல் செய்தனர். ஒவ்வொரு வரியும் எந்த ஊரில், எத்தனை வயதுச் சிறுவர் வாயில் கேட்டது என்பதை அவர்கள் விடாமல் குறித்தனர். தமிழிலும் பெர்சி மாக்வீன் என்னும் அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் மலையருவி என்ற பெயரில் பதிப்பித்தார். நா. வானமாமலையும் கி. ராஜநாராயணனும் அவ்வழியில் அரும்பணி ஆற்றினர். ஆகவே வழிகாட்டிகள் இல்லை என்று நாம் சொல்லித் தப்பிக்க இயலாது.

விடுகதையும் மசலாவும்

சொற்புதிர் தமிழில் தொல்காப்பியம் பிசி என்று பெயரிட்டு வகைப்படுத்திய அளவுக்குப் பழையது. பின்னர் நொடி, விடுகதை, அழிப்பான் கதை என்று இடத்துக்கு இடம் அது வெவ்வேறு பெயர் பெற்றது. அரபியில் லுக்ஸ் என்றும் உருதுவில் பஹேலி என்றும் வழங்கும் வடிவங்கள் இதற்கு உறவினவே. ஹரீரீ (1054–1122) இயற்றிய மகாமாத் என்னும் நூலின் முப்பத்திரண்டாம் மகாமா, நூறு ஃபிக்ஹுக் கேள்விகளைச் சிலேடைப் புதிர்களாக அடுக்கித் தருகிறது. அந்நூல் நெடுங்காலம் மதரஸாக்களில் அரபி இலக்கியப் பாடமாக ஓதப்பட்டது. அமீர் குஸ்ரோவின் (1253–1325) பெயரால் ஹிந்தவி மொழியில் வழங்கும் பஹேலிகள் அவருடையவையே எனத் துணிய வலுவான சான்று இல்லை. ஆயினும் வடநாட்டு வீடுகளில் அவை குழந்தைகளின் நாவில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தன.

தமிழ் முஸ்லிம்களின் பங்களிப்பு இவ்வரிசையில் குறைந்ததன்று. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் முற்பட்டதாகக் கருதப்படும் ஆயிரம் மசலாவே வினா விடை வடிவில் அமைந்த நூல்தான். வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இதனை இயற்றினார். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்து, விடை கேட்டுத் தெளிவடைவதாக நூல் செல்கிறது. அடுத்துத் தோன்றிய நூறு மசலாவில் இளவரசி ஒருத்தி தன்னை மணக்க வந்தவனிடம் நூறு வினா தொடுக்கிறாள். வெள்ளாட்டி மசலாவிலோ கற்றறிந்த அடிமைப் பெண் ஒருத்தி அவை நிறைந்த அறிஞர்களின் கேள்விகளுக்கெல்லாம் விடை பகர்ந்து அவர்களையே திகைக்க வைக்கிறாள். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துத் என்னும் பெண்ணின் கதை இதற்கு மூலம்.

இவற்றை இலக்கிய வரலாற்றில் சமயச் சிற்றிலக்கியம் என்று பெயரிட்டு அடக்கிவிடுகிறோம். டாக்டர் ம. மு. உவைஸ் 1953இல் வெளியிட்ட முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டு பற்றிய ஆய்வு முதல் இத்துறை நூல்கள் மசலாவை வடிவத்தாலும் பொருளாலும் நன்கு ஆராய்ந்துள்ளன. ஆனால் இவை வீட்டில் எவ்வாறு வாழ்ந்தன என்பது போதிய கவனம் பெறவில்லை. பெண்கள் கூடியிருந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்பதும், மடியில் கிடக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்வதும் நம் ஊர்கள் பலவற்றில் வழக்கமாக இருந்தன. வினா வந்ததும் ஓதுபவர் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் பிள்ளை சிந்திக்கும். ஒரு பெண் கேட்கிறாள், ஒரு பெண் வெல்கிறாள் என்ற செய்தி கேட்கும் சிறுமியின் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இந்நோக்கில் மசலா நம் சிறுவர் இலக்கியமும் ஆகும்.

ஸ்கேன் செய்த பக்கத்தில் இந்த நிறுத்தம் இல்லை. பழைய சிறுவர் இதழ்கள்கூட இதனை ஒருவாறு பேணின. புதிருக்கு விடையைத் தலைகீழாக அச்சிட்டன, அல்லது வேறொரு பக்கத்துக்கோ அடுத்த இதழுக்கோ தள்ளின. காத்திருக்கும் அந்நாட்களில் புதிர் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பேசப்பட்டது. வேதாளக் கதைகளின் கட்டமைப்பும் இதுவே. கதை முடிந்ததும் வேதாளம் ஒரு வினா கேட்கிறது. மன்னன் வாய்திறந்து விடை சொன்னதும் அது மீண்டும் மரமேறிவிடுகிறது. இன்று வினாவும் விடையும் ஒரே படத்தில் ஒருசேர வந்து விழுகின்றன. பார்த்த விரல் அடுத்த படத்துக்குச் சென்றுவிடுகிறது. இது தொழில்நுட்பத்தின் குற்றமன்று. விடையைத் தனியே வைத்துத் தருவதற்கு ஒரு சொடுக்கு மட்டுமே கூடுதலாகத் தேவை. பகிர்வோர் விடுகதையை விளையாட்டாகக் கருதாமல் பழம்பொருளாகக் கருதுவதே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

எவருடைய குழந்தைப் பருவம்?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். 1840இல் நாகர்கோவிலில் தோன்றிய பாலதீபிகை முதல், தமிழ்ச் சிறுவர் இதழ்கள் ஒரு நீண்ட வரலாறு உடையவை. தொடக்கக் காலத்தவை பெரும்பாலும் கிறித்தவ மிஷன்களின் முயற்சிகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை பரந்த வாசகர் வட்டத்தை எய்தின. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றை ஆவலோடு படித்தனர். பாக்தாத் நகரத்துக் கலீபாக்களும் வணிகர்களும் மந்திர விளக்குகளும் அப்பக்கங்களில் தாராளமாக உலவினர். ஆனால் அடுத்த தெருவில் வாழும் முஸ்லிம் சிறுவன், அவன் காலையில் ஓதச் செல்லும் மக்தப், அவன் நோன்பு, அவன் பாட்டியின் பேச்சு ஆகியவற்றுக்கு அங்கே கிடைத்த இடம் மிகச் சொற்பம். தொலைதூரத்து முஸ்லிம் கதைமாந்தன் ஆனான், பக்கத்து வீட்டு முஸ்லிம் கண்ணில் படவில்லை. இதை எவர்மீதும் பழியாகச் சுமத்துவது நம் நோக்கமன்று. நம்மவர் அவ்விதழ்களுக்கு எழுத முன்வராததும் ஒரு காரணமே. எனினும் இன்று அவ்விதழ்கள் மட்டுமே இணையத்தில் நிலைத்தால், நாளை அவற்றைத் திறக்கும் ஆய்வாளர் தமிழ்க் குழந்தைப் பருவம் முழுவதும் அதுவே என்று முடிவு கட்டிவிடுவார்.

அச்சில் ஏறாத பகுதி எத்துணைப் பெரிது என்பதைக் காணக் கண்ணமங்கலம் வட்டாரமே போதும். வேலூர், ஆரணி, ஆம்பூர், வாணியம்பாடி என விரியும் இப்பழைய வடஆர்க்காட்டுப் பகுதியில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் தக்கினி உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் விடுகதையும் மறு வீட்டில் பஹேலியும் வழங்கும். ஒரு தாய் ஆராரோ என்று தொடங்குவதை மறுதாய் லோரியாகப் பாடுவாள். இருவரும் கலிமாவைத் தாலாட்டின் மெட்டில் இழைத்துக் குழந்தையின் காதில் சொல்வர். மேலே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமக்கே உரிய தமிழ் வழக்கும் பாடல்களும் கதைகளும் உடையவர்கள். ஒரு சில கல் தொலைவுக்குள் இத்தனை குழந்தைப் பருவங்கள் உள்ளன. பழைய இதழ்களை எத்துணை முழுமையாக ஸ்கேன் செய்தாலும் இவற்றில் ஒன்றும் அகப்படாது.

தக்கினி மரபின் ஆழத்தை ஆய்வுலகம் அறியும். பீஜாப்பூர் வட்டாரத்தில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சூஃபிக் குடும்பத்தினர் இயற்றிய சக்கிநாமா என்னும் திரிகைப் பாடல்களையும் லோரிநாமா என்னும் தாலாட்டுகளையும் பற்றி ரிச்சர்ட் ஈட்டன் 1974இல் எழுதிய கட்டுரை பெரிதும் மதிக்கப்படுவது. மாவரைக்கும் பெண்ணின் கையசைவோடும் தொட்டில் ஆட்டத்தோடும் இறைநினைவு கலந்து குழந்தைகளை அடைந்தது என்பது அதன் சாரம். நூல்களும் சொற்பொழிவுகளும் எட்டாத இடத்தை அப்பாடல்கள் எட்டின. அம்மரபின் தொலைவான எதிரொலிகள் வடஆர்க்காட்டு வீடுகளில் எஞ்சியுள்ளனவா என்று தேடுவது ஆய்வுக்குரிய பொருள். தேடுவதற்குக் கேட்கும் காது வேண்டும். பழைய இதழ்களைத் தேடும் கண் அதற்குப் போதாது.

அரபுத் தமிழ் நூல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் இம்முறை, குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்குத் தன் தாய்மொழி நூல்களையும் படிக்க வழிதிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சில் இத்தகைய நூல்கள் ஏராளமாக வெளிவந்தன. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட அரபு, அர்வி, பாரசீகம் பற்றிய ஆங்கிலப் பெருநூல் இதன் பரப்பைக் காட்டியது. பட்டியலிடுபவர் அரபெழுத்தும் தமிழும் ஒருங்கே அறியாதவராயின் இந்நூல் அரபு நூல் என்று ஒதுக்கப்படும். அதற்குள் ஒரு தாலாட்டோ மசலாவோ இருப்பதை எவரும் அறியார். சிறுவர் இலக்கியம் என்ற தலைப்பின்கீழ் அது ஒருபோதும் வாராது.

ஈழத்து நிலையை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த நினைவு மாறாத சமூகத்திலிருந்து, 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் எழுந்தது. பள்ளி மலர், ஊர் மலர், சிற்றிதழ் என எதையும் சிறிதென்று தள்ளாமல் அது சேர்க்கிறது. ஈழத்து முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், ஆண்டு, பதிப்பாளர் எனும் விவரம் உண்டு. இழந்து பார்த்தவர்களுக்கு விவரத்தின் அருமை தெரிகிறது.

இரு மறுப்புகள்

நம் சமுதாயத்துக்குள்ளிருந்தே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். அவற்றை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

முதலாவது, மசலாக்களிலும் கிஸ்ஸாக்களிலும் தாலாட்டுகளிலும் ஆதாரமற்ற செய்திகள் கலந்துள்ளன, அவற்றைப் பரப்புவது முறையன்று என்பது. இக்கவலையில் நியாயம் உண்டு. அவற்றுள் கற்பனை மிகுதி என்பது வெளிப்படை. ஆனால் ஒன்றைப் பேணிவைப்பதும் அதனை மெய்யென ஏற்பதும் வேறு வேறு. பலவீனமான அறிவிப்புகளையும் புனைந்துரைகளையும் நம் அறிஞர்கள் அழித்துவிடவில்லை. அவை இன்ன தரத்தன என்று குறிப்பெழுதித் தனி நூல்களாகவே தொகுத்தனர். அவ்வொழுக்கத்தையே இங்கும் மேற்கொள்ளலாம். இது பாட்டி சொன்ன கதை, மார்க்க ஆதாரமன்று என்ற ஒரு வரிக் குறிப்பு போதும். அக்குறிப்பின்றி ஒரு மசலாவை இணையத்தில் விடுவதும், ஆதாரமில்லை என்று பரணிலிருந்து எடுத்துக் குப்பையில் இடுவதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கன. முன்னது மார்க்கத்தில் குழப்பம் விளைவிக்கும். பின்னது நம் பெண்களின் நானூறு ஆண்டுச் சொல்வளத்தை அழிக்கும்.

இரண்டாவது, தாலாட்டுப் பாடும் பெண்ணின் குரலைப் பொதுவெளியில் வைக்கலாமா என்பது. வீட்டுக்குள் தன் குழந்தைக்கெனப் பாடியதை ஊர் கேட்க வைக்க ஒரு மூதாட்டி விரும்பாதிருக்கலாம். அவ்விருப்பம் மதிக்கப்பட வேண்டும். பேரன் ஒருவன் அவர் அறியாமல் பதிவு செய்து எங்கும் பரப்புவது அமானிதத்துக்கு மாறானது. ஆயின் இதற்கும் வழி உண்டு. அவரிடமிருந்து கற்ற பேத்தியோ சிறுமியோ பாடலாம். மெட்டை ஒருவர் வாய்ப்பாடமாக வாங்கி எழுதிக்கொள்ளலாம். பெயர் வேண்டாம் என்றால், இன்ன ஊரில் வாழும் இன்ன வயதினர், தம் தாய்வழிப் பாட்டியிடம் கேட்டது என்று குறித்தால் தொடர் அறாது. பெயரை வெளியிடாமலே வழியைச் சொல்ல இயலும். இணங்கிப் பாட முன்வருபவரின் குரலைப் பதிவதில் தடையில்லை. முடிவு அவருடையது.

நிலைக்குமா?

இணையத்தில் ஏற்றிவிட்டால் நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையையும் சற்றே சோதிக்க வேண்டும். அம்புலிமாமாவின் கதையே இதற்குச் சான்று. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்நிறுவனம் 2007இல் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய இதழ்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வைக்கப்பட்டன. 2010களின் முற்பகுதியில் இதழ் நின்றது. பின்னர் அத்தளமும் கைவிடப்பட்டது. இன்று அவ்விதழ்களை நாம் படிக்க முடிகிறதென்றால் அதற்கு வாசகர்கள் தனித்தனியே சேமித்துவைத்த பிரதிகளே காரணம். பெரும் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்சேவைகள் இணையத் தாக்குதலால் முடங்கி, மாதக்கணக்கில் மீளவில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் திறக்கப்படாமலே இருந்தது.

ஆகவே பிரதிகள் பல இடங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஓரிடம் குழந்தையின் நெஞ்சாகவும் இருக்க வேண்டும். எழுத்தில் பதித்ததோடு மனனத்திலும் பேணுவது குர்ஆனின் பொருட்டு நாம் கற்ற வழி. ஒரு விடுகதையை மீண்டும் ஒரு குழந்தை மற்றொரு குழந்தையிடம் கேட்கும்போதுதான் அதன் தொடர் நீள்கிறது. அதற்குப் பகிர்வோர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. பழைய பக்கங்களை ஏற்றுவோர் இதழின் பெயர், ஆண்டு, எழுதியவர், வரைந்தவர் ஆகியவற்றை வெட்டாமல் விடுதல் வேண்டும். புதிருக்கு விடையைத் தள்ளிவைத்தல் வேண்டும். பாடலுக்கு இயன்றவரை ஒலியும் சேர்த்தல் வேண்டும்.

நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் மக்தப் செல்லும் பிள்ளைகளிடம் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு வேலை தரலாம். ஆளுக்கொரு தாலாட்டு, ஒரு கதை, ஒரு புதிர் ஆகியவற்றை வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிவர வேண்டும். தமிழில் சொன்னால் தமிழில், தக்கினியில் சொன்னால் அவ்வொலி மாறாமல் தமிழெழுத்திலோ உருது எழுத்திலோ எழுதலாம். கீழே சொன்னவர் எந்த ஊரினர், அவர் யாரிடம், ஏறத்தாழ எந்த ஆண்டில் கேட்டார், எப்போது பாடுவார்கள், வெளியிட இசைவு உண்டா என்ற குறிப்புகள் இருக்க வேண்டும். பிறந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மூதாட்டி ஆரணியிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ ஒரு பாடலைக் கொண்டுவந்திருப்பார். அதன் பயணமும் அக்குறிப்பில் ஏறிவிடும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையும் இருந்தால் இது நடக்கும். நிரம்பிய நோட்டின் ஒரு படி பள்ளிவாசலிலும், ஒரு படி ஊர் நூலகத்திலும் இருக்க, மூன்றாவதை மின்னூலகங்களுக்கு அனுப்பலாம்.

தொலைக்காட்சி வீட்டுக்குள் வருமுன் தாய்மாராகிக் குழந்தைகளை உறங்கவைத்த பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். அச்சிட்ட இதழுக்கு இன்னொரு பிரதி எங்கேனும் கிடைக்கலாம். இவர்களுக்கு இன்னொரு பிரதி இல்லை. எனவே எதை முதலில் பதிவது என்பதில் ஆர்வலர்களும் ஜமாஅத்துகளும் தம் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இதழ்கள் சற்றே காத்திருக்கட்டும், பாட்டிமாரிடம் முதலில் செல்வோம்.